அக்காவின் வயதில் ஓடினேன்

என் பிறப்புச் சான்றிதழில் இருந்த பிள்ளை நான் இல்லை. அது எனக்கு மூன்று வருடம் முந்திப் பிறந்து, ஒன்றரை வயதில் காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்து செத்துப்போன என் அக்கா. பேர் ஒன்று, ஆள் வேறு. நான் ஓட்டக்காரியானதையும், பிறகு ஆகாமல் போனதையும் இதைச் சொல்லாமல் சொல்ல முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருந்தது தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில். அக்கா செத்த அன்று விடாத மழை. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் மலைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தார்கள். ஆபீசில் யாரும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்தால் சொல்ல வேண்டும், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போக அது தேவை. செத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்பது அந்தக் காலத்து லயத்து நியாயம்.

புதைக்கக் கொண்டு போகும் முன் அம்மா அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து, பிள்ளையின் வலது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். பிள்ளை திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அடுத்து நான் பிறந்தேன். மருத்துவிச்சி என்னைக் கழுவிக் கையில் கொடுத்ததும் அம்மா பார்த்தது ஆணா பெண்ணா என்று அல்ல, காதைத்தான். அங்கே கடுகளவு ஒரு மச்சம். இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கடுகை வைத்து என் தலையெழுத்தையே எழுதிவிட்டார்கள்.

அதே பேரை எனக்கு வைத்தார்கள். பிறப்பைப் பதிய வேண்டும் என்று ஆபீஸ் கிளாக்கர் கூப்பிட்டு அனுப்பியபோது அப்பா போய், "இந்தப் புள்ளைக்குப் பொறப்புத் துண்டு ஏற்கனவே இருக்குங்களே ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பா ஏமாற்றவில்லை. அவர் மனதில் அதுதான் உண்மை. வந்த பிள்ளை, போன பிள்ளைதானே, ஒரே பிள்ளைக்கு இரண்டு துண்டு எதற்கு? கிளாக்கருக்கும் ஒரு வேலை மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எனக்கு ஐந்து வயது, தாளில் எட்டு. தோட்டத்தில் பிள்ளைகளைப் பிந்திச் சேர்ப்பது புதினம் இல்லை. "எட்டு வயசுக்கு இம்புட்டுத்தானா இருக்கு?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "சத்து இல்லங்க டீச்சர்" என்று அம்மா கூசாமல் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சத்து இல்லாத பிள்ளை என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

தோட்டத்துப் பிள்ளைகள் மலை ஏறி இறங்குவதால் நன்றாக ஓடுவார்கள் என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் லயத்தில் இருபத்து நான்கு வீடு, அத்தனை பிள்ளைகளும் மலை ஏறித்தான் இறங்கினோம், ஓடியது நான் ஒருத்தி. ஓடியதற்குக் காரணம், விளையாட்டுப் போட்டியில் முதலாவது வந்தால் ஒரு பிளாஸ்டிக் பேசின் கொடுத்தார்கள். எனக்கு அந்த நீல பேசின் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

பேசின் கிடைக்கவில்லை. போட்டியில் வகுப்பைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்ப்பார்கள். பத்து வயதில் நான் பதின்மூன்று வயதுக்காரிகளோடு ஓடினேன். அவர்கள் மார்பும் தொடையுமாக வளர்ந்து நின்றார்கள், நான் முருங்கைக்காய் மாதிரி நின்றேன். முதல் வருடம் கடைசி. அடுத்த வருடம் கடைசிக்கு முந்தியவள். என்னை யாராவது முந்திக்கொண்டு போனால் அழுகை வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் அப்பா றப்பர் பால் வெட்டுகிற மலை வரைக்கும் ஓடிவிட்டு, அட்டை கடித்த காலோடு வீட்டுக்கு வருவேன். பெரியவர்களிடம் தோற்றுத் தோற்றே என் கால் தேறியது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு ஏதோ குறை என்றுதான் நினைத்தேன்.

எனக்கு நிஜமாகப் பதின்மூன்று வயதானபோது அப்பா போனார். பால் வெட்டிக்கொண்டிருந்தபோது காற்றில் முறிந்த கிளை தலையில் விழுந்தது. அதே வருடம்தான் விஷயமும் எனக்குத் தெரிய வந்தது, அதுவும் பீலிக்கரையில். மலையிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடத்துக்குப் பீலி என்போம். எங்கள் லயத்துச் சண்டை எல்லாம் அங்கேதான். குடத்தை முந்தி வைத்தது யார் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் வாய் முற்றிப்போய், அவள் சொன்னாள்: "செத்தவ பேர்ல பள்ளிக்கூடம் போற சிறுக்கிக்கு வாயப் பாரு!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. "அவ கெடக்கா. யாரு செத்தது? நீ கொஞ்ச நாளு எங்கேயோ போயிட்டு வந்த, அவ்வளவுதான்" என்றாள். எட்டிப் பிடித்து என் காதை மடக்கி, மச்சத்தை மாவுக்கையால் தொட்டாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நான் அதைப் பேசவில்லை.

பிறகு ஓட்டம் சூடு பிடித்தது. சித்திரை வருடப் பிறப்புக்குக் கீழே சிங்கள ஊரில் நீள ஓட்டம் வைப்பார்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் உண்டு. பதினைந்து வயதில் அதில் ஓடி, செருப்பு இல்லாமல், இரண்டாவதாக வந்தவளை ஒரு வளைவுக்குப் பின்னால் விட்டுவிட்டு முதலாவது வந்தேன். கொஞ்ச நேரம் கை தட்டல் நின்றுபோய், 'வத்தே கெல்லெக்' என்று யாரோ சொன்னது கேட்டது. தோட்டத்துப் பெட்டையாம். பிறகு தட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். சுவர் மணிக்கூடு ஒன்று பரிசு. அந்தக் கூட்டத்தில் டவுன் சிங்களப் பாடசாலையின் விளையாட்டு மாஸ்டர் நின்றிருந்தார். மறுநாள் அவரே லயத்துக்கு ஏறி வந்து, சனி ஞாயிறில் தங்கள் மைதானத்துக்கு வரச் சொன்னார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்தான் உனக்கு என்று முடிவு செய்ததும் அவர்தான். என்னைக் கொண்டு தனக்கும் ஒரு பேர் கிடைக்கும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

மாவட்டம் வென்றேன். மாகாணத்தில் இரண்டாவது. கொழும்பில் அகில இலங்கைப் போட்டியிலும் இரண்டாவது. எனக்கு அப்போது பதினாறு முடிந்து சில மாதம், தாளில் பத்தொன்பது. முதலாவது வந்தவளுக்கும் பத்தொன்பது, நிஜமான பத்தொன்பது. அவளுடைய முதுகை நான் கடைசி நூறு மீட்டரும் பார்த்துக்கொண்டே வந்தேன். மேடையில் நின்றபோது, இன்னும் மூன்று வருடத்தில் நான் எப்படி ஓடுவேன் என்று எனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பில் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை.

அடுத்த வருடம் சென்னையில் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. என் பேரையும் எடுத்தார்கள். தோட்டத்தில் அது காட்டுத்தீயாகப் பரவியது. எங்கள் ஆட்களுக்கு ஊர் என்றால் இந்தியாதான், பார்க்காத ஊர். "ஊருக்குப் போறியாமே" என்று பாதையில் கண்டவர்கள் எல்லாம் கேட்டார்கள். பெரிய கங்காணி வீட்டுக் கிழவர் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பேரைத் தாளில் எழுதிக் கொடுத்து, "எங்க ஆளுக யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுப் பாரு தாயி" என்றார். ஓடப் போகிறவளிடம் சொந்தக்காரனைத் தேடச் சொல்கிறார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் மாஸ்டர் தேதிகளைப் பார்த்தார். போட்டி நடக்கிற நாளில் தாளின்படி எனக்கு இருபது வயதும் ஐந்து வாரமும். போக முடியாது. உண்மையில் பதினேழுதான் ஆகியிருக்கும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் முதன்முதலாக நான் வாயைத் திறந்து அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் சந்தோசத்தில் துள்ளிவிட்டார். "அப்ப லேசு நங்கி. அக்கா செத்தது பதியணும், நீ பிறந்தது பதியணும். ரெண்டும் பிந்திப் பதியலாம். அம்மா வந்து சத்தியம் பண்ணிச் சொன்னா முடிஞ்சுது."

லேசாம். அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்படியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து, "நான் வரமாட்டேன்" என்றாள்.

"நீ வரலன்னா நான் போக ஏலாது."

"ஏலாட்டி இரு. ஒரு வாட்டி மண்ணுல போட்டது பத்தாதா? இப்ப கந்தோருல போயி எழுதிக் குடுக்கணுமா?"

"நான் அவ இல்லம்மா. அவ செத்துட்டா. நான் வேற."

இதை ஒரு தடவை அல்ல, அந்த வாரம் முழுக்கச் சொன்னேன். பதினேழு வயதுக்காரிக்கு எங்கே தட்டினால் எது உடையும் என்று தெரியாது என்பார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்துதான் தட்டினேன். அப்பா இருந்திருந்தால் வந்திருப்பார் என்றேன். செத்துப்போனதுக்காக இருக்கிறதைக் கொல்லாதே என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று அம்மாவே அடிக்கடி சொல்லுவாள், அதையும் அவள் முகத்திலேயே எறிந்தேன். ஏழாம் நாள் காலை அவள் பால் வெட்டுக்குப் போகாமல் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்சில் எனக்கு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

பிறப்பு இறப்புப் பதிகிற கந்தோரில் ஒரு சிங்கள அம்மாள். நல்ல மனுசி, குறை சொல்ல ஏலாது. எங்களுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். தமிழ் தெரிந்தவர் அன்று லீவு, அதனால் நானே அம்மாவுக்குச் சொல்லி, அம்மா சொல்வதைச் சிங்களத்தில் சொல்லும்படி கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியும். சந்தையில் கருவாட்டுக்காரனோடு அவள் பேரம் பேசினால் அவன் கும்பிடுவான். ஆனால் அன்று ஒரு சொல்லும் தெரியாதவள் போல மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

இரண்டு என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அந்த அம்மாள் எழுதினார். எழுதிவிட்டு, மெதுவாக, மூத்த பிள்ளை செத்ததா என்று கேட்டார். "லமயா மெருனாத?"

"மூத்த புள்ள செத்துருச்சான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அது எங்க செத்துச்சு? இந்தா நிக்குதே" என்றாள்.

அந்த அம்மாள் பேனாவைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குச் சென்னையும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரும் அந்த முதுகும் மட்டும்தான் கண்ணில் நின்றன. "ஓவ் நோனா" என்றேன். "மெருனா." ஆமாம், செத்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கியது. அவள் மறுக்கவில்லை. மை டப்பியைத் தள்ளியதும் கட்டைவிரலை வைத்தாள். ரேகை சரியாகப் பதியாததால் மறுபடி ஒரு தடவை வைக்க வேண்டியிருந்தது. என் பிறப்புக்கு இன்னொரு தாள், அதிலும் வைத்தாள். அதில் என்ன பேர் எழுதுவது என்று கேட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பால் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே பேர் என்று நானே சொன்னேன்.

அக்காவின் சாவு மூன்று வாரத்தில் பதிவானது. என் பிறப்பு பதிவாகவில்லை, விசாரணை என்றார்கள். சாவுக்கு அவசரம், பிறப்புக்கு நிதானம். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதை அங்கே தொடங்கியது. என் அடையாள அட்டை, பள்ளிக்கூடப் பதிவு, ஓடி வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் அக்காவின் துண்டை வைத்து எடுத்தவை. அக்கா ஒன்றரை வயதில் இறந்தவள் என்று அரசாங்கமே இப்போது சொல்லிவிட்டது. அப்படியானால் அகில இலங்கையில் இரண்டாவது வந்தது யார்? விமானம் போய்விட்டது, என் இடத்தில் வேறு பிள்ளை போனாள். ஓட்டப் போட்டி நடத்துகிற சங்கத்தார் என்னைக் கொழும்புக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

போகிற வழியில் சோதனைச்சாவடி. யுத்த காலம், தமிழ்ப் பேரைப் பார்த்ததும் இறக்குவார்கள். அட்டை செல்லாது என்பதால் கந்தோரில் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். இந்தப் பிறப்புப் பதிவுக்குரியவர் இறந்தவர் என்று அதில் இருந்தது. ஆமிக்காரப் பையன் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான், பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டுத்தான் விட்டார்கள். விசாரணைக்குப் பிந்திப் போனேன்.

மேசைக்கு அப்பால் மூன்று பேர். அதில் ஒருவர், "வயசைக் குறைச்சு ஏமாத்தினவங்களைக் கண்டிருக்கோம். கூட்டி ஏமாத்தினவளை இப்பதான் காணறோம்" என்று சிங்களத்தில் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். நான் பெரியவர்களோடு ஓடித் தோற்ற கதையைச் சொன்னேன். யாருக்கும் நான் அநியாயம் செய்யவில்லை, எனக்குத்தான் நடந்தது என்றேன். அது உண்மை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. பழைய முடிவுகள் எல்லாம் ரத்து. விசாரணை முடியும் வரைக்கும் எங்கேயும் ஓடக் கூடாது. அது முடிய மூன்று வருடம் எடுத்தது. அதற்குள் என் பிறப்பும் ஒருவழியாகப் பதிவாகி, எனக்கு உண்மையாகவே இருபது நிரம்பியிருந்தது.

அதற்குப் பிறகு பெரியவர்களுக்கான போட்டியில் இரண்டு பருவம் ஓடினேன். மைதானம் இல்லாமல் மூன்று வருடம் தோட்டத்துப் பாதையில் ஓடிய கால் அது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுபோல முதலில் எட்டாவது, பிறகு பதினோராவது. மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவிசாவளைப் பக்கம் கார்மென்டில் தையல் வேலை கிடைத்தது, போய்ச் சேர்ந்தேன். ஓட்டம் என்று ஒன்று இருந்ததை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கந்தோரிலிருந்து திரும்பிய அன்றிலிருந்து அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சோறு போட்டாள், காய்ச்சலென்றால் நெற்றியில் பற்றுப் போட்டாள், பஸ் பிந்தினால் பாதைவரை வந்து நின்றாள். ஆனால் "இந்தா", "ஏய்", அவ்வளவுதான். முதலில் கோபம் ஆறட்டும் என்று விட்டேன். வருடங்கள் போனபின், ஒரு தடவை கூப்பிடம்மா என்று கெஞ்சியும் பார்த்தேன். "அது அவ பேரு" என்றாள். பழிவாங்குகிற குரல் இல்லை அது. கொடியில் காய்கிற சேலை யாருடையது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவளை எனக்கு வெறுக்கத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக அழவும் செய்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. கார்மென்டில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வெளியே டவுனில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு வெடிக்கும் வார்டில் கிடந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஒரு சின்ன வயது நர்ஸ் தாளோடு வந்து கட்டிலருகே நின்றாள். பேர், வயது, தோட்டம் எல்லாம் நான் சொன்னேன். அடுத்த கேள்வியை அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், எத்தனை பிள்ளைகள் என்று.

அம்மாவுக்கு மூச்சுதான் இல்லை, புத்தி தெளிவாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவளே நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள்.

"எக்கெனய். மெருனா."

ஒருத்திதான், செத்துவிட்டாள். நர்ஸ் "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டாள். மகள் என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுதியதை நர்ஸ் வெட்டவில்லை.